நம் கோவில் ஓவியங்கள்: உண்மையும் ஏக்கமும்



யூபிலி ஆண்டு பிறந்ததும் நம் பங்கில் இரண்டு பேச்சுக்கள் எழுந்தன. கோவிற் சுவரில் வரிசையாய் நிற்கும் பதினான்கு சிலுவைப்பாதைத் தலங்களை என்ன செய்வது என்பது முதலாவது. சாயம் வெளிறி, ஓரங்களில் சுண்ணம் பெயர்ந்துபோன அவற்றைக் கழற்றிவிட்டுப் புதிதாக வரைவிக்கலாம் என்றனர் இளைஞர். “எங்கள் தாய்தந்தையர் முழந்தாட்படியிட்டுக் கண்ணீர் விட்ட தலங்கள் அவை, அவற்றில் கை வைக்காதீர்கள்” என்றனர் பெரியோர். இரண்டாவது பேச்சு, மண்டபத்தின் வெறுஞ்சுவரில் புதுவைத் திருச்சபையின் வரலாற்றை ஓவியமாகத் தீட்டுவது பற்றியது. அதில் எவற்றை வரைவது, எவற்றை விடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

இரு பேச்சுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான். நாம் கண்ணால் காணாத நாட்டையும் நாம் வாழ்ந்திராத காலத்தையும் எப்படி வரைவது? உள்ளபடி வரைவதா, அல்லது நம் நெஞ்சம் விரும்புகிறபடி வரைவதா? இக்கேள்வியை நம் ஊரின் வரலாற்றைத் துணைகொண்டு சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரான்சு வழியாக வந்த எருசலேம்

நம் சிலுவைப்பாதைத் தலங்களை ஒரு நாள் கூட்டமில்லாத நேரத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஆண்டவருடைய முகம் வெளுத்து, தலைமயிர் பொன்னிறமாய் இருக்கும். தேவதாயாரின் நீல முக்காடும், எருசலேம் மகளிரின் கன்னச் சிவப்பும் ஐரோப்பியக் குளிர்நாட்டுக்கு உரியவை. பின்னணியில் தெரியும் மரங்கள் யூதேயாவிலும் வளர்வதில்லை, புதுவையிலும் வளர்வதில்லை.

காரணம் எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரின் சேன் சுல்பீஸ் ஆலயத்தைச் சுற்றிலும் சுரூபங்களும் தலங்களும் விற்கும் கடைகள் நிறைந்திருந்தன. ஒரே அச்சில் வார்த்து, ஒரே விதமாய்ச் சாயமிட்ட திருவுருவங்கள் அங்கிருந்து உலகின் நான்கு திக்குகளுக்கும் கப்பலேறின. பாரிஸ் வேதபோதகச் சபைக் குருக்கள் 1776 முதல் பொறுப்பேற்று நடத்திய நம் மறைபரப்புத் தளத்துக்கு அவை வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. இருதய ஆண்டவர் கோவிலின் வண்ணக் கண்ணாடிகளைக் கண்டு மகிழாதார் யார்? 1902-இல் தொடங்கி 1907-இல் அர்ச்சிக்கப்பட்டு, 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட அக்கோவில், நடுக்கால ஐரோப்பாவின் கோத்திக் பாணியைக் கடற்கரை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

தாய்நாட்டை விட்டுப் பல்லாயிரம் கல் தொலைவு வந்து, மீண்டும் அதனைக் காணாமலே இம்மண்ணில் அடக்கமான அக்குருக்களின் ஏக்கம் இக்கோவில்களில் படிந்திருக்கிறது. தாம் சிறுவயதில் புதுநன்மை வாங்கிய ஊர்க் கோவிலை அவர்கள் இங்கே மீண்டும் கட்டினார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆயினும் அவர்கள் காட்டியது எருசலேமை அன்று, தங்கள் பிறந்த ஊரை என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஏக்கம் கண்ணை எவ்வளவு மறைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ‘கப்ஸ் கோவில்’ என்று நாம் அழைக்கும் சம்மனசுகளின் இராக்கினி ஆலயத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறவர்கள், “இது பிரான்சில் உள்ள லூர்து பேராலயத்தைப் பார்த்துக் கட்டியது” என்பார்கள். கேட்பவரும் தலையசைப்பர். ஆனால் கப்ஸ் கோவில் கட்டி முடிந்தது 1855-இல். லூர்து கெபியில் தேவதாய் பெர்நதெத் என்னும் சிறுமிக்குக் காட்சி தந்ததோ 1858-இல். அங்கே பேராலயங்கள் எழுந்தது அதற்கும் பின்னர். பிறவாத தாயைப் பார்த்துப் பிள்ளை எப்படி உருவம் எடுக்கும்? ‘நம் ஊர்க் கோவில் அந்தப் புகழ்பெற்ற கோவிலைப் போன்றது’ என்று சொல்வதில் உள்ள இன்பம், ஆண்டுக் கணக்கைப் பார்க்க விடுவதில்லை. ஏக்கம் என்பது இதுதான்.

தேம்பாவணியின் யூதேயா

பிரான்சு முகத்தை எடுத்துவிட்டுத் தமிழ் முகத்தை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இளைஞர் கருதலாம். அந்த வழியும் நமக்குப் புதிதன்று.

இத்தாலியில் 1680-இல் பிறந்து தமிழகம் போந்த வீரமாமுனிவர், 1726-இல் தேம்பாவணியை நிறைவு செய்தார். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல் கொண்ட இக்காப்பியத்தின் தலைவர் நம் அர்ச்சியசிஷ்ட சூசையப்பர். தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுவளமும் நகர்வளமும் முதலில் வரவேண்டும் அல்லவா? முனிவர் யூதேயா நாட்டைப் பாடும்போது, அங்கே நெல் விளைகிறது. வயலில் தாமரை மலர்கிறது. ஆறு பெருகி வருகிறது. கல்லும் மேடுமான அந்நாட்டைக் காவிரிக் கரையாக்கிவிட்டார் அவர். இக்காப்பியம் 1850-களின் தொடக்கத்தில் முதன்முதலாக அச்சேறியது நம் புதுவை மிஷன் அச்சகத்தில்தான் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கது.

நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோணான்குப்பத்தில், பெரியநாயகி மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் அளித்தவரும் அம்முனிவரே என்பது வழிவழி வந்த மரபு. சேலை உடுத்த அந்தத் தாயை அந்நியளாக எண்ணிய தமிழன் எவனும் இல்லை.

வடக்கேயும் இப்படி நடந்தது. 1580-இல் சேசுசபைக் குருக்கள் அக்பர் பாதுஷாவின் அரண்மனைக்குச் சென்று, பன்மொழி வேதாகமம் ஒன்றையும் திருப்படங்களையும் காணிக்கையாக அளித்தனர். கேசுதாஸ், பசாவன் முதலிய முகலாய ஓவியர்கள் அவற்றைப் பார்த்து வரைந்தனர். தங்கள் நாட்டு உடையையும் கட்டடங்களையும் தயங்காமல் அவற்றுள் புகுத்தினர். நம் நூற்றாண்டுக்கு அருகே வந்தால், கோவாவில் 1902-இல் பிறந்த அஞ்செலோ த பொன்செக்கா என்னும் ஓவியர் இருக்கிறார். சாந்திநிகேதனில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற அவர், தேவதாயைச் சேலை உடுத்த இந்தியத் தாயாக வரைந்தார். சொந்த ஊரிலேயே அவருக்கு எதிர்ப்பு எழுந்தது. ‘எங்கள் மாதா இப்படி இருக்க மாட்டாள்’ என்றனர். அவர்கள் பழகியிருந்தது ஐரோப்பிய மாதாவுக்கு. நாசரேத்தூர் மரியாள் பொன்செக்காவின் படத்தில் உள்ளது போலவும் இருந்திருக்க மாட்டாள், எதிர்த்தவர்களின் வீட்டுப் படத்தில் உள்ளது போலவும் இருந்திருக்க மாட்டாள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், திருச்சபை எந்த ஒரு கலைப் பாணியையும் தனக்கே உரியதாக வைத்துக்கொள்ளவில்லை என்று தெளிவாக்கியது. ஆகவே தமிழ்க் கோலத்துக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. தாமரைக் குளமும், வாழைத் தோரணமும், நெற்கதிரும் சேர்த்துவிட்டால் படம் நம்முடையதாகிவிடும் என்று எண்ணினால், அதுவும் மற்றோர் ஏக்கமே. பாரிசுக் கடைச் சுரூபம் பிரான்சுக் கிராமத்துக்கு ஏங்கியது. இது பட்டணத்தில் பிறந்து வளர்ந்த நாம், தாத்தா காலத்துக் கிராமத்துக்கு ஏங்குவது.

நேரில் சென்று பார்த்தவர்

அப்படியானால் ஆராய்ந்து, உள்ளது உள்ளபடியே வரைவதுதானே முறை என்று கேட்கலாம். அதையும் ஒருவர் செய்து பார்த்தார்.

ஜேம்ஸ் திஸ்ஸோ என்பவர் 1836-இல் பிரான்சு நாட்டு நாந்த் நகரில் பிறந்தவர். செல்வச் சீமாட்டிகளின் நாகரிக வாழ்வை வரைந்து புகழும் பொருளும் ஈட்டியவர். 1885-இல் ஒரு படத்துக்காக ஆலயம் ஒன்றில் பூசை கண்டுகொண்டிருந்தபோது, ஆண்டவரின் காட்சியைப் பெற்றதாக அவரே கூறினார். அந்த ஆலயம் எது தெரியுமா? நம் தலங்களைப் போன்றவை விற்ற கடைகள் சூழ்ந்திருந்த அதே சேன் சுல்பீஸ்!

அச்சில் வார்த்த சுரூபங்களில் அவர் மனம் அடங்கவில்லை. மறு ஆண்டே புறப்பட்டு எகிப்துக்கும் பாலஸ்தீனாவுக்கும் சென்றார். தெருக்களையும் மலைகளையும் கிணறுகளையும் மக்களின் உடைகளையும் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மேலும் இருமுறை அந்நாட்டுக்குச் சென்றார். ஆண்டவரின் வாழ்க்கையை 350 நீர்வண்ணப் படங்களாகத் தீட்டினார். 1894-இல் பாரிசில் அவற்றுள் பல காட்சிக்கு வைக்கப்பட்டபோது பார்வையாளர் கண்கலங்கி நின்றனர். 1900-இல் அமெரிக்க நாட்டுப் புரூக்ளின் அருங்காட்சியகம் அவற்றை விலைக்கு வாங்கியது.

இவ்வளவு பாடுபட்டும் திஸ்ஸோ ஓரிடத்தில் தவறினார். தாம் கண்ட அரபு மக்களின் உடையும் வீடும் பழக்கமும், ஆண்டவர் காலம் முதல் மாறாமல் அப்படியே இருப்பதாக அவர் நம்பினார். பதினெட்டு நூற்றாண்டு கழிந்தும் ஒரு நாடு மாறாதிருக்குமா? பிரான்சு மாறியதை அறிந்த அவர், கீழ்நாடு மட்டும் அசையாமல் நிற்கிறது என்று எண்ணியதும் ஓர் ஏக்கமே. ஆராய்ச்சி என்ற உடை உடுத்தி வந்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்று நமக்குத் தெரிந்தவை அவருக்குத் தெரியா. 1968-இல் எருசலேமுக்கு அருகே ஒரு கல்லறையில், சிலுவையில் அறையப்பட்டு இறந்த ஒருவரின் குதிகால் எலும்பு, ஆணி ஊடுருவிய நிலையிலேயே கிடைத்தது. இராவுணவின்போது சீடர்கள் நாற்காலியில் வரிசையாய் உட்காராமல், அக்கால வழக்கப்படி சாய்ந்தே இருந்தனர் என்பதும், அன்புச் சீடர் ஆண்டவரின் மார்பில் சாய்ந்தார் என்னும் அருளப்பர் நற்செய்தி வாசகம் அதனால்தான் பொருந்துகிறது என்பதும் இன்று வேதபாட வகுப்பில் சொல்லப்படுகின்றன. நாளை இன்னும் பல தெரியவரும். விவரத்தை மட்டுமே நம்பி வரைந்த படம், புது விவரம் வந்ததும் பழையதாகிவிடும்.

ஆனால் திஸ்ஸோவின் ஒரு படம் பழையதாகவில்லை. அதில் சிலுவை தெரிவதில்லை. அறையுண்ட ஆண்டவரும் தெரிவதில்லை. சிலுவையிலிருந்து ஆண்டவர் கீழே நோக்கினால் எவை தெரியுமோ அவை மட்டுமே உள்ளன. அழுகிற தாய், மதலேன் மரியாள், போர்வீரர், வேடிக்கை பார்க்கும் கூட்டம். பார்க்கும் நாம் அவருடைய கண்களின் இடத்தில் நிற்கிறோம். உடையிலும் கட்டடத்திலும் திஸ்ஸோ தவறியிருக்கலாம். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதில் தவறவில்லை.

ஒரு வரலாற்றுப் படம் உண்மையா அன்றா என்பதை அறிய இதுவே நல்ல உரைகல் என்று எனக்குப் படுகிறது. முக்காட்டின் நிறம் சரியா என்பது சிறிய கேள்வி. யாருடைய கண்ணால் பார்க்கிறோம், யாரை விட்டுவிட்டோம் என்பதே பெரிய கேள்வி.

சம்பா கோவில் சுவர்

இனி நம் மண்டபச் சுவருக்கு வருவோம்.

வரையலாம் என்று சொல்லப்பட்ட காட்சிகளைக் கேட்டேன். தென்னை மர நிழலில் குருவானவர் ஞானஸ்நானம் கொடுக்கிறார். மக்கள் மலர்ந்த முகத்தோடு சூழ்ந்து நிற்கிறார்கள். கவர்னர் துய்ப்ளெக்ஸ் குதிரை வண்டியில் கோவிலுக்கு வருகிறார். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாய் ஒரு வெள்ளைக்காரத் தெரு. எல்லாம் அழகானவையே. ஆனால் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வெள்ளை நகரத்தையே அவை காட்டுகின்றன. நம் தாய்க் கோவிலாகிய சம்பா கோவில் இருப்பதோ வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழ்ந்த பகுதியில். சேசுசபையினரின் ‘சம்பாவுலு’, அதாவது அர்ச்சியசிஷ்ட சின்னப்பர், என்ற பெயரே மக்கள் வாயில் ‘சம்பா’ ஆயிற்று.

அங்கே எழுந்த முதற்கோவில் 1692-இல் கட்டப்பட்டு மறு ஆண்டே டச்சுக்காரரால் அழிந்தது. 1736-இல் முடிந்த பெரிய கோவிலை 1761-இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்தபோது இடித்தனர். இன்று நிற்பது 1791-இல் அர்ச்சிக்கப்பட்டது. இவற்றை வரைய எல்லோரும் இசைவர். நாம் பட்ட பாட்டைச் சொல்லும் காட்சிகள் அல்லவா?

ஆனால் 1736-இல் முடிந்த அக்கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. தாழ்ந்த சாதியார் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒரு புறமும், மற்றவர்கள் மறுபுறமும் இருந்து பூசை காண்பதற்காக எழுப்பிய சுவர் அது. 1745 அக்டோபரில், ஒதுக்கப்பட்ட மக்கள் பெரிய குருவானவரிடம் சென்று, நாங்களும் உம் பிள்ளைகள் என்றால் எங்களை ஏன் பிரித்து வைத்திருக்கிறீர் என்று முறையிட்டனர். முறையீட்டின் நியாயத்தை உணர்ந்து அவர் அச்சுவரை இடிக்கச் செய்தார். மற்றவர்கள் அதை எதிர்த்துக் கிளர்ந்தனர். இச்செய்தியை நமக்குத் தருபவர் ஆனந்தரங்கப்பிள்ளை. அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திராவிட்டால் இந்நிகழ்ச்சியே நமக்குத் தெரியாமற் போயிருக்கும். பிள்ளையவர்கள் கிறிஸ்தவர் அல்லர். அவருக்கும் தமக்கென்று சார்புகள் உண்டு. ஆயினும் நம்மை மெச்சவோ நம் குறையை மூடவோ அவருக்குத் தேவை இருக்கவில்லை.

அதே நாட்குறிப்பு மற்றொன்றையும் சொல்கிறது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டிருந்த வேளை, சம்பா கோவிலை அடுத்திருந்த ஈசுவரன் கோவில் துய்ப்ளெக்சின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டு கழித்து நம் கோவில் இடிபட்டதை வரைவோம், அண்டை வீட்டாரின் கோவில் இடிபட்டதை விட்டுவிடுவோம் என்றால், அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு கல்லும் சரியாக வரையப்பட்டிருந்தாலும் படம் பொய்யே.

மண்டபத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓரமாய் உட்கார்ந்திருந்த வயது முதிர்ந்த அம்மா ஒருவர் மெல்லக் கேட்டார்: “எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கிறாங்களே, அதுல எங்க ஆளுங்க எங்க நிக்கிறாங்க ஐயா?” யாரும் விடை சொல்லவில்லை. சுவர் விழுந்த அன்றே பிரிவினை விழுந்துவிடவில்லை என்பதும், அதன் பின்னரும் நெடுங்காலம் நம் நாட்டுக் கோவில்களில் தனித்தனி இடங்களும், தனித்தனிக் கல்லறைகளும் இருந்தன என்பதும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்ட பிறகுதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஆகவே என் தாழ்மையான கருத்து

முதலாவது, பழைய சிலுவைப்பாதைத் தலங்களைக் கழற்ற வேண்டாம். அவை எருசலேமைப் பற்றிப் பிழையாகச் சொல்கின்றன. ஆனால் நம் முன்னோரைப் பற்றி உண்மையைச் சொல்கின்றன. இந்த அயல்நாட்டு முகங்களின் முன்தான் அவர்கள் தவக்கால வெள்ளிதோறும் ‘எங்கள் பேரில் தயவாயிரும்’ என்று மன்றாடினார்கள். வணக்கம் சாயத்துக்கும் சுண்ணத்துக்கும் அன்று, அவை சுட்டும் ஆண்டவருக்கே என்று 787-இல் நிசேயா நகரில் கூடிய பொதுச்சங்கம் விளக்கியிருக்கிறது. அவற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம், பளபளக்கும் எனாமல் சாயம் பூசவும் வேண்டாம். சுண்ணத்தால் ஆனவை தண்ணீரில் கரையும். மேலே பூசும் சாயம் பழைய கைவேலையை மூடிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டி, பெயர்ந்த இடங்களை விவரம் அறிந்தவரைக் கொண்டு ஒட்டவைத்தால் போதும்.

இரண்டாவது, இளைஞர் புதிய படங்களை வரையட்டும். தமிழ் முகத்தோடு வரையட்டும். ஆனால் நெற்கதிரும் தாமரையும் வைத்து முடித்துவிடாமல், நம் தெருவில் இன்று நடக்கிற மனிதரின் முகத்தை வரையட்டும். சீமோன் சிலுவை சுமக்கும் தலத்தில் மீன்கூடை சுமக்கும் நம் கடற்கரைத் தொழிலாளி இருக்கலாமே!

மூன்றாவது, மண்டபச் சுவரில் 1745-ஆம் ஆண்டுச் சுவர் இடம்பெற வேண்டும். அது இடிகிற காட்சியை வரைக. குருவானவர் பெருமிதத்தோடு கடப்பாரை பிடித்து நிற்கும் படமாக வேண்டாம். திஸ்ஸோ கற்பித்தது போல, சுவருக்குப் பின்னால் இருந்தவர்களின் இடத்தில் நின்று வரைக. அவர்கள் கண்ணுக்கு அன்று என்ன தெரிந்திருக்கும்? பெயர்ந்த செங்கற்களின் இடைவெளி வழியே முதன்முறையாகப் பீடம் முழுதும் தெரிந்திருக்கும். அதனோடு, தங்களைத் திரும்பிப் பார்க்கும் முகங்களும் தெரிந்திருக்கும். அவற்றுள் சில கடுகடுத்தவை. அந்தக் கடுகடுத்த முகங்களுள் நம் முன்னோரும் இருக்கலாம். அதையும் மறைக்காமல் வரைக.

யூபிலி என்பது பழைய ஏற்பாட்டில் கடன் தீர்க்கும் ஆண்டு. இழந்தவர்க்கு நிலம் திரும்பும் ஆண்டு, அடிமைகள் வீடு திரும்பும் ஆண்டு. கடன் தீர்ப்பதற்கு முன் கடன் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா? உண்மையான வரலாற்று ஓவியம் அந்தக் கணக்கேடு. அதன் முன் நின்று நம் பிள்ளைகள், “தாத்தா, இந்தச் சுவர் ஏன்?” என்று கேட்கட்டும். சொல்லக் கூசாமல் நாம் விடை சொல்வோம். அப்படிச் சொல்லும் மனத்தையும், சுவர் இல்லாத ஒரே பந்தியில் அமரும் அன்பையும் இந்த யூபிலி ஆண்டில் எல்லாம் வல்ல இறைவன் நம் பங்கு மக்கள் அனைவருக்கும் அருள்வாராக!